மூன்று மாடல், மூன்று மென்பொருள், ஒரே சமர்ப்பிப்பு: எல்லோரையும் ஒரே மென்பொருளுக்கு இழுப்பதுதான் வழியா?

பூன்லே_பொறியாளன் | சிங்கப்பூர்

வணக்கம் நண்பர்களே. இங்கே ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் பிம் (கட்டடத்தைத் தகவலோடு முப்பரிமாண மாடலாக்குவது) ஒருங்கிணைப்பு வேலை பார்க்கிறேன். எங்கள் மாடல் ஆர்க்கிகேடில் இருக்கிறது. ஸ்ட்ரக்சர்காரர்கள் டெக்லா. எம்அண்ட்ஈ (இயந்திரம், மின்சாரம்) கன்சல்டன்ட் ரெவிட். மூன்றும் வேறு வேறு மாடலிங் மென்பொருள். முன்பெல்லாம் அரசு அனுமதிக்கு, நகரத் திட்டமிடலுக்காக யுஆர்ஏவுக்கு ஒன்று, கட்டட விதிகளுக்காக பிசிஏவுக்கு ஒன்று, தீயணைப்புக்காக எஸ்சிடிஎஃப், வடிகாலுக்காக பியூபி என்று அவரவர் டிராயிங்கை அவரவர் அனுப்பிவிடுவோம். யாருடையது யாருடையதோடு ஒத்துப்போகிறது என்று பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. 2023 டிசம்பரில் கோர்நெட் எக்ஸ் என்ற பொது அனுமதித் தளம் வந்தது. 2025 அக்டோபரிலிருந்து 30,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புதுத் திட்டங்களுக்குக் கட்டாயமும் ஆகிவிட்டது. இப்போது எல்லோருடைய மாடலையும் ஐஎஃப்சி-எஸ்ஜி (எந்த மென்பொருளுக்கும் பொதுவான ஐஎஃப்சி ஃபைலின் சிங்கப்பூர் வகை) வடிவத்தில், முன்கூட்டியே ஒருங்கிணைத்து, ஒன்றாகக் கொடுக்க வேண்டும்.

மூன்றையும் சேர்த்துத் திறந்தால்:

ஸ்ட்ரக்சர் எங்கள் கட்டடத்தில் இல்லை, எங்கோ வெளியே நிற்கிறது. எம்அண்ட்ஈ மாடல் இடத்தில் இருக்கிறது, ஆனால் சற்றுத் திரும்பியிருக்கிறது. கதவுகளின் தீத்தடுப்பு நேரத்தை எங்கள் மாடலில் ஒன்றுவிடாமல் நிரப்பியிருக்கிறோம். ஐஎஃப்சியில் பாதிக் கதவுக்கு அதைக் காணோம்.

"அடுத்த திட்டத்திலிருந்து எல்லோரும் ஒரே மென்பொருள், ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவோம்" என்கிறார் எங்கள் இயக்குநர். ஸ்ட்ரக்சர்காரர்கள் முடியவே முடியாது என்கிறார்கள். அவர் சொல்வது சரியா? உங்கள் அனுபவம் என்ன?

---

மாடல்_அக்கா | சென்னை

தம்பி, உங்கள் இயக்குநர் சொல்கிற தீர்வு எங்கள் ஆபீசில் தினமும் தோற்கிறது. நாங்கள் வெளிநாட்டு கன்சல்டன்ட்களுக்கு மாடல் செய்து கொடுப்பவர்கள். ஒரு கட்டடக்கலைஞர் ரெவிட் 2022 வைத்திருப்பார், அவருடைய ஸ்ட்ரக்சர் கன்சல்டன்ட் 2024-க்குப் போயிருப்பார். இரண்டும் ரெவிட்தான். ஆனால் புதியதில் சேமித்த ஃபைல் பழையதில் திறக்காது, பழைய பதிப்புக்கு இறக்கிச் சேமிக்கவும் வழியில்லை. ஒரே மென்பொருள் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் அடுத்து எந்தப் பதிப்பு, யாருடைய டெம்ப்ளேட், யாருடைய ஃபேமிலி (கதவு, ஜன்னல் போன்ற ஆயத்தப் பொருள்கள்) என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். டெக்லாவில் கம்பியும் இணைப்பும் பழகிய ஸ்ட்ரக்சர் ஆட்களை வேறொன்றுக்கு மாற்றினால் முதல் திட்டம் முழுக்க அவர்கள் கற்றுக்கொள்வதிலேயே போய்விடும்.

உங்கள் முதல் பிரச்சினை மென்பொருளைப் பற்றியதே இல்லை, பூஜ்யத்தைப் பற்றியது. சிங்கப்பூரின் எஸ்விஒய்21 என்ற நில அளவை முறையில் எங்குமே மைனஸ் வரக்கூடாது என்பதற்காகத் தொடக்கப் புள்ளிக்கே கிழக்கு 28001.642 மீட்டர், வடக்கு 38744.572 மீட்டர் என்று மதிப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆக உங்கள் சைட் எங்கே இருந்தாலும் எண்கள் பத்தாயிரக்கணக்கான மீட்டரில்தான் வரும். ரெவிட்டிலோ உள் தொடக்கப் புள்ளியிலிருந்து 16 கிலோமீட்டருக்குள் வடிவங்கள் இருக்க வேண்டும், தாண்டினால் கோடுகள் நடுங்க ஆரம்பிக்கும். அதனால் யாரும் கட்டடத்தை நிஜ எண்ணில் வைப்பதில்லை. கட்டடத்தைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இந்தப் பூஜ்யம் எஸ்விஒய்21-இல் இந்த எண்" என்று தனியாகச் சொல்லிவிடுவார்கள். மூன்று பேர் மூன்று பூஜ்யம் வைத்தால் மூன்று கட்டடம்தான் வரும்.

சரிபார்ப்பது எளிது. ஐஎஃப்சி வெறும் எழுத்து ஃபைல்தான், நோட்பேடிலேயே திறக்கும். அதில் மேப் கன்வர்ஷன் என்ற வரியைத் தேடுங்கள். கிழக்கு, வடக்கு, உயரம், சுழற்சிக்கு இரண்டு எண், கடைசியில் அளவுக் காரணி என்று வரிசையாக இருக்கும். மூன்று ஃபைலிலும் அந்த வரியை அடுத்தடுத்து ஒட்டிப் பாருங்கள், குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். மாடல் மில்லிமீட்டரிலும் வரைபட எண்கள் மீட்டரிலும் இருந்தால் கடைசிக் காரணி 0.001 ஆக இருக்க வேண்டும், அதையும் பாருங்கள். எம்அண்ட்ஈ திரும்பி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் உண்மை வடக்கா, திட்ட வடக்கா (வரைய வசதியாகத் திருப்பி வைத்த வடக்கு) என்ற குழப்பமாகத்தான் இருக்கும்.

---

ஐ_பீம்_கோவை | கோயம்புத்தூர்

நோட்பேடில் ஐஎஃப்சி திறக்கலாம் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். நன்றி அக்கா. இழையைத் தொடர்கிறேன்.

---

ஓயாத_சிவில் | சென்னை (முன்பு தோஹா)

பூஜ்யப் பிரச்சினை கணினிக்கு முன்பே இருந்தது. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ரைன் ஆற்றின் மேல் லாஃபன்பர்க் பாலம். ஜெர்மனி உயரத்தை ஆம்ஸ்டர்டாம் கடல் மட்டத்திலிருந்து எடுக்கிறது, சுவிட்சர்லாந்து மார்செய் மட்டத்திலிருந்து. வித்தியாசம் 27 சென்டிமீட்டர். இது இரு தரப்புக்கும் தெரியும், கணக்கிலும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். 2003-இல் பார்த்தபோது இரண்டு கரைக்கும் 54 சென்டிமீட்டர் வித்தியாசம். தெரியாமல் இருந்திருந்தால்கூட 27-ஓடு போயிருக்கும்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1994-இல் ஆட்டோடெஸ்க் பன்னிரண்டு நிறுவனங்களைக் கூட்டி ஆரம்பித்த முயற்சிதான் பின்னால் தனி அமைப்பாகி, இன்றைக்கு பில்டிங்ஸ்மார்ட் என்ற பெயரில் ஐஎஃப்சியைப் பராமரிக்கிறது. ஐஎஃப்சி 4 என்பது 2013-இல் ஐஎஸ்ஓ 16739 ஆனது. 2024-இல் சாலை, ரயில், பாலமெல்லாம் சேர்த்து 4.3-ம் வந்துவிட்டது. முப்பது வருடமாக வடிவம் தயாராகிக்கொண்டே இருக்கிறது, சைட்டில் பிரச்சினை அப்படியே இருக்கிறது. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2004-இல் ஓர் அறிக்கை போட்டது. கணினி முறைகள் ஒன்றோடொன்று பேசாததால் அந்த நாட்டுப் பெரிய கட்டுமானங்களில் 2002-ஆம் ஆண்டு மட்டும் 1,580 கோடி டாலர் வீண் என்று கணக்கு. அதில் மூன்றில் இரண்டு பங்கு யார் தலையில் விழுந்தது தெரியுமா? வடிவமைப்பாளர் தலையிலோ ஒப்பந்ததாரர் தலையிலோ இல்லை. கட்டடத்தின் சொந்தக்காரர், அதை நடத்துபவர் தலையில்.

எனக்கு இதில்தான் மொத்தப் பிரச்சினையும் இருப்பதாகப் படுகிறது. தகவலை ஒழுங்காக நிரப்ப வேண்டியவர் ஒருவர், நிரப்பாததால் பணம் இழப்பவர் வேறொருவர். எந்த மென்பொருள் வந்து இதைச் சரிசெய்யும்?

---

பூன்லே_பொறியாளன் | சிங்கப்பூர்

அக்கா சொன்னபடியே பார்த்தேன். ஸ்ட்ரக்சர் ஃபைலில் அந்த வரியே இல்லை! அவர்கள் ஏ-1 கிரிட் சந்திப்பைப் பூஜ்யமாக வைத்து அப்படியே எக்ஸ்போர்ட் செய்திருக்கிறார்கள். எம்அண்ட்ஈ ஃபைலில் வரி இருக்கிறது, சுழற்சி எண்கள் எங்களுடையதோடு ஒத்துப்போகவில்லை. இரண்டு பேருக்கும் எங்கள் எண்களை அனுப்பியாகிவிட்டது. சிங்கப்பூர் உயர டேட்டத்தையும் (உயரம் அளக்கத் தொடங்கும் மட்டம்) சேர்த்தே அனுப்பினேன் (லாஃபன்பர்க் படித்த பயம், சார்).

கதவுதான் இன்னும் புரியவில்லை.

---

மாடல்_அக்கா | சென்னை

கதவில் மூன்று இடத்தில் ஓட்டை இருக்கலாம்.

மாடலில் "தீத்தடுப்பு" என்று ஒரு பாராமீட்டர் இருப்பது வேறு, அது ஐஎஃப்சியில் கதவுக்கான பொதுப் பண்புத் தொகுப்பில் ஃபயர் ரேட்டிங் என்ற இடத்தில் போய் உட்காருவது வேறு. நடுவில் ஒரு மேப்பிங் வேண்டும். ஆர்க்கிகேடில் ஐஎஃப்சியாக மாற்றும் டிரான்ஸ்லேட்டர் அமைப்பில் அதைச் செய்ய வேண்டும். லைப்ரரிக் கதவுகளுக்கு அது தானாகப் போயிருக்கும். யாரோ ஒருவர் தனியாகச் செய்து சேர்த்த கதவுகளில் வேறு பெயரில் ஒரு பாராமீட்டர் இருந்தால் அது பின்தங்கிவிடும். உங்கள் "பாதி" அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, கண்ணாடிச் சுவருக்குள் வரும் கதவுகள். அவை கதவு வகையில் போகாமல் வேறு வகையில் போயிருக்கலாம். எதிலும் சேராதவை ப்ராக்ஸி என்ற பொதுக் கூடையில் விழும். உங்கள் ஃபைலில் எத்தனை ப்ராக்ஸி என்று எண்ணிப் பாருங்கள், நிறைய வந்தால் மேப்பிங் சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் எரிச்சலானது. அந்த இடம் வெறும் எழுத்துப் பெட்டி. என்ன தட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். ஒரே திட்டத்தில் "1 மணி", "60", "60 நிமிடம்", "எஃப்ஆர்ஆர் 60" என்று நான்கு விதமாக வந்ததை நான் பார்த்திருக்கிறேன். மனிதன் படித்தால் நான்கும் ஒன்றுதான், இயந்திரத்துக்கு நான்கு வேறு கதவு. ஐஎஃப்சி-எஸ்ஜி ஆவணத்தில் எந்த மதிப்பை எப்படி எழுத வேண்டும் என்று கொடுத்திருப்பார்கள். அதைப் பட்டியலாக்கித் தேர்ந்தெடுக்க மட்டும் விடுங்கள், யாரையும் தட்டச்சு செய்ய விடாதீர்கள்.

நம் ஊர் அனுமதி வரைபடத்துக்கும் இதே கதைதான். தானியங்கிச் சரிபார்ப்புக்குப் போகும் டிராயிங்கில் மனை எல்லை அதற்குரிய லேயரில், மூடிய பாலிலைனாக (ஒரே தொடர் கோடாக) இருக்க வேண்டும். கண்ணுக்கு மூடியிருப்பது போலத் தெரிந்து ஒரு முனையில் துளி இடைவெளி இருந்தால் மனையே இல்லை என்று சொல்லிவிடும்.

---

தேம்ஸ்கரை | லண்டன் (ஊர்: யாழ்ப்பாணம்)

ஓயாத_சிவில் அண்ணை சொன்னதோடு நான் முழுக்க உடன்படுகிறேன். நீங்கள் எல்லோரும் கதைப்பது கட்டி முடிக்கும் மட்டும்தான். நான் கட்டடம் கைமாறின பிறகு அதைப் பராமரிக்கிற பக்கத்தில் இருக்கிறேன்.

2017 ஜூன் 14 கிரென்ஃபெல் கோபுரத் தீக்குப் பிறகு இங்கே நிலைமை மாறிப்போச்சு. 72 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் வந்த ஹாக்கிட் அறிக்கை, கட்டடத்தைப் பற்றிய தகவல் வடிவமைப்பிலிருந்து குடியிருப்பு வரைக்கும் அறுபடாமல் வர வேணும் என்று சொன்னது. அதைத்தான் "தங்க இழை" என்கிறார்கள். 2022-இன் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 18 மீட்டர் அல்லது ஏழு மாடி, அதற்கு மேல் உயரமான குடியிருப்புகளுக்கு அந்தத் தகவலை டிஜிட்டலாக வைத்திருக்க வேணும். ஆக, தம்பி, உங்கட கதவின் தீத்தடுப்பு நேரம் சமர்ப்பிப்போடு முடிகிற விஷயமில்லை. அந்தக் கதவைப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு மாற்ற வருகிறவனுக்கு அது தேவை. அப்போது நீங்கள் பாவித்த மென்பொருள் இருக்குமோ இல்லையோ ஆருக்குத் தெரியும்.

எனக்குக் கிடைப்பது என்ன தெரியுமோ? ஒப்படைக்கிற நாளில் ஒரு ஹார்ட் டிரைவ். அதில் ஆயிரக்கணக்கில் பிடிஎஃப். மாடலில் கதவுக்கு ஒரு இலக்கம், கதவு அட்டவணையில் இன்னொரு இலக்கம், கதவிலேயே ஒட்டியிருக்கிற தகட்டில் மூன்றாவது இலக்கம். ஐஎஃப்சி ஒவ்வொரு பொருளுக்கும் 22 எழுத்தில் ஒரு தனி அடையாளம் கொடுக்குது, ஆனால் அந்த 22 எழுத்தை ஒருத்தரும் தகட்டில் அடிப்பதில்லை. மூன்று இலக்கத்தையும் ஒரே வரியில் வைத்த ஒரு எக்செல் அட்டவணை தந்தால் எனக்கு முழு மாடலையும் விட அது பெரிசு.

---

பில்லிங்_பாண்டி | மதுரை

எல்லோரும் கதவையே பிடித்துத் தொங்குகிறீர்கள். நான் பில் போடுகிறவன். என்னிடம் கேளுங்கள்.

"மாடலிலிருந்து அளவு தானாக வந்துவிடும், எம்புக் (அளவுப் புத்தகம்) எழுத வேண்டாம்" என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். வந்தது. பூச்சு வேலை அளவில் மாடலுக்கும் என் கணக்குக்கும் நல்ல வித்தியாசம். ஏனென்றால் மென்பொருள் ஜன்னல், கதவு, ஏசி ஓட்டை எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் கழித்துவிட்டது. வேலையை அளப்பதற்கான இந்தியத் தரம் ஐஎஸ் 1200 என்ன சொல்கிறது? 0.5 சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்குக் கழிவே கிடையாது. 0.5-லிருந்து 3 வரை ஒரு பக்கம் மட்டும் கழிவு, மற்ற பக்கம் ஓரங்களைப் பூசுவதற்கு ஈடு. மாடல் சொன்னது உண்மையான பரப்பு, ஒப்பந்தம் காசு கொடுப்பது ஐஎஸ் 1200 பரப்புக்கு. மாடல் அளவில் பில் போட்டால் கொத்தனாருக்கு நான் பதில் சொல்ல முடியாது.

கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 12 எம்எம் மீட்டருக்கு 0.888 கிலோ என்று விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்து எல்லோரும் வைத்திருக்கிறோம். பார்பெண்டிங் (கம்பி வளைப்பு) அட்டவணை அந்தக் கணக்கு. லாரி வருவது எடைமேடைக் கணக்கு. கம்பிக்கான தரம் ஐஎஸ் 1786-படி 12 எம்எம்முக்குக் கூடக்குறைய 5 சதவீதம் வரலாம். ஸ்டோர் மென்பொருளில் எடைமேடை டன் ஏறுகிறது, பில்லில் அட்டவணை டன் போகிறது, அக்கவுன்ட்ஸ் டாலியில் இன்வாய்ஸ் டன். மூன்றும் சரி! மூன்றையும் "இணைத்துவிட்டோம்" என்று ஒருவர் வந்து சொன்னால் எதை எதோடு இணைத்தார் என்றுதான் முதலில் கேட்பேன். ரோலிங் மார்ஜின் (கணக்கு எடைக்கும் நிஜ எடைக்கும் உள்ள வித்தியாசம்) எங்கே போனது என்று மாதக் கடைசியில் என்னைத்தான் பிடிப்பார்கள்.

அதனால் இந்த இணைப்புக் கதையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. எக்செல் வாழ்க.

---

ஐ_பீம்_கோவை | கோயம்புத்தூர்

பாண்டி அண்ணா, எங்கள் இரும்புக் கட்டுமானப் பட்டறையில் நேர்மாறு. இணைப்பு அருமையாக ஓடுகிறது, ஆனால் எங்களுக்கு முழு மாடலே வேண்டாம்.

டெக்லாவிலிருந்து ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு என்சி ஃபைல் (இயந்திரத்துக்கான கட்டளை ஃபைல்) வரும். ஜெர்மனியின் இரும்புக் கட்டுமானச் சங்கம் வகுத்த டிஎஸ்டிவி வடிவம், பழைய காலத்துச் சரக்கு. எஸ்டி என்று தொடங்கி ஈஎன் என்று முடியும். தலைப்பில் குறி எண், ப்ரொஃபைல், நீளம், எண்ணிக்கை. பிஓ என்ற பகுதியில் துளைகள், ஏகே என்ற பகுதியில் வெளி விளிம்பு. அவ்வளவுதான். வண்ணம் கிடையாது, மாடி கிடையாது, யார் வடிவமைத்தார்கள் என்ற கதை கிடையாது. டிரில்லிங் லைனில் போட்டால் துளை விழுகிறது. எந்த மென்பொருளில் வரைந்திருந்தாலும், எந்த நாட்டு இயந்திரமாக இருந்தாலும் பெரும்பாலும் வேலை செய்கிறது. கம்பி வளைக்கிற இயந்திரத்துக்கு பிவிபிஎஸ் வடிவமும் அப்படித்தான்.

எங்களுக்கு அடி விழுவது வேறு இடத்தில். டிசைன் ரிவிஷன் வந்தால் மாடலர் நம்பரிங்கை மறுபடி ஓட்டிவிடுவார். நேற்று பி-12 ஆக இருந்தது இன்று பி-21. யார்டில் பெயின்ட் அடித்து அடுக்கி வைத்த பீமில் பி-12 என்றுதான் இருக்கிறது. ஃபைல் சரி, வடிவம் சரி, எரெக்ஷன் ஆட்கள் தவறான பீமைத் தூக்குகிறார்கள். இப்போது வெட்டிய பீஸின் குறியைப் பூட்டி வைக்கச் சொல்லி ஆர்டரிலேயே எழுதி வாங்குகிறோம்.

---

ஓயாத_சிவில் | சென்னை (முன்பு தோஹா)

கோவைத் தம்பி முக்கியமான ஒன்றைச் சொல்லியிருக்கிறார். என்சி ஃபைல் ஓடுவதற்குக் காரணம், அது ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: இந்தத் துண்டில் எங்கே துளை போடுவது? ஐஎஃப்சி எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்க முயல்கிறது. அதற்காக ஐஎஃப்சியைக் குறை சொல்லவில்லை. அதை முழுசாக வாங்கிக்கொண்டு, மறுபடி தன் மென்பொருளில் திருத்தலாம் என்று எதிர்பார்ப்பவர்களைத்தான் குறை சொல்கிறேன். ஐஎஃப்சியில் ஒரு வகைக்கு ரெஃபரன்ஸ் வியூ என்று பெயர் வைத்திருப்பதே பார்த்துக்கொள்ளத்தான், தோண்டித் திருத்த அல்ல.

பாண்டி, உங்களோடு எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது. மாடல் நிகரப் பரப்பைத் தருவது தவறில்லை. திறப்பு ஒவ்வொன்றின் பரப்பையும் அது தனித்தனியாகத் தருகிறதே. 0.5, 3 என்ற இரண்டு வரம்பை வைத்து ஐஎஸ் 1200 கழிவை எக்செல்லில் ஒரு சூத்திரத்தில் போட்டுவிடலாம். நீங்கள் கேட்க வேண்டியது "பூச்சு எவ்வளவு?" அல்ல, "சுவர்களின் மொத்தப் பரப்பும் திறப்புகளின் பட்டியலும் கொடு" என்பதுதான். அதை மாடலரிடம் யாராவது கேட்டார்களா?

---

பில்லிங்_பாண்டி | மதுரை

கேட்கவில்லை சார். கேட்டால் "அது எங்கள் ஸ்கோப்பில் இல்லை" என்பார்கள். அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது.

---

மாடல்_அக்கா | சென்னை

கோபம் எதற்கு, உண்மைதான். எங்கள் ஆர்டரில் "எல்ஓடி 350 மாடல்" (மாடலில் எவ்வளவு விவரம் என்ற அளவு) என்று ஒரு வரி இருக்கும். எந்தப் பொருளுக்கு எந்தத் தகவல், யாருக்காக என்று இருக்காது. தீத்தடுப்பை நிரப்ப ஒரு கதவுக்கு எத்தனை இடம் தேட வேண்டும் தெரியுமா? அதற்குத் தனியாக நேரம் கேட்டால் விலையைக் குறைக்கச் சொல்வார்கள். காசு கொடுக்காத தகவல் மாடலில் வராது. வந்தாலும் குப்பையாகத்தான் வரும்.

பூன்லே தம்பிக்கு ஒரு யோசனை. பில்டிங்ஸ்மார்ட் 2024-இல் ஐடிஎஸ் என்று ஒரு தரத்தை வெளியிட்டது. "ஒவ்வொரு கதவுக்கும் ஃபயர் ரேட்டிங் இருக்க வேண்டும், மதிப்பு இந்தப் பட்டியலில் ஒன்றாக இருக்க வேண்டும்" என்பது போன்ற தேவைகளை இயந்திரம் படிக்கிற ஃபைலாக எழுதலாம். ஐஎஃப்சியையும் ஐடிஎஸ்ஸையும் சேர்த்து ஓட்டினால் எந்தக் கதவு தேறியது, எது தேறவில்லை என்று பட்டியல் வரும். இதை ஓட்டும் மென்பொருள்களில் ஐஎஃப்சி ஓப்பன்ஷெல் இலவசம், போன்சாய் இலவசம். ஒப்பந்தத்தில் மென்பொருளின் பெயருக்குப் பதில் இந்த ஃபைலை இணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஃபைல் தேறினால்தான் அந்தக் கட்டப் பணம் என்று எழுதினால் டெக்லா ஆனாலும் ரெவிட் ஆனாலும் நிரப்பித் தருவார்கள். நாங்களும்தான்.

---

தேம்ஸ்கரை | லண்டன் (ஊர்: யாழ்ப்பாணம்)

அந்த ஃபைலில் என்ர தகட்டு இலக்கத்துக்கும் ஒரு வரி போட்டு விடுங்கோ அக்கா. கதவு, பம்ப், தீத்தடுப்பு டாம்பர் (தீ வந்தால் காற்றுக் குழாயை மூடுவது), இந்த மூன்றுக்கு மட்டும் காணும். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்ளுவம்.

---

பூன்லே_பொறியாளன் | சிங்கப்பூர்

ஸ்ட்ரக்சர் இப்போது கட்டடத்துக்குள் வந்துவிட்டது. எம்அண்ட்ஈயும் நேராகிவிட்டது. கதவில் அக்கா சொன்னதுதான், தனியாகச் செய்த கதவுகளில் பாராமீட்டர் பெயர் வேறு. மேப்பிங் போட்டதும் மற்றவை வந்துவிட்டன. கண்ணாடிச் சுவர்க் கதவுகள் இன்னும் பாக்கி, கையால் வகை மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இயக்குநரிடம் ஐடிஎஸ் பற்றிப் பேசினேன். "மென்பொருளை மாற்றச் சொன்னால் சண்டை, ஃபைலை நிரப்பச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்களே" என்றார். கேட்பார்கள்தான். கதவு, தீத்தடுப்புச் சுவர், படிக்கட்டு இந்த மூன்றுக்கு மட்டும் எழுதி முதலில் கொடுத்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

---

பில்லிங்_பாண்டி | மதுரை

அந்த ஐடிஎஸ் ஐஎஸ் 1200 கழிவையும் சரிபார்க்குமா?

---

மாடல்_அக்கா | சென்னை

சரிபார்க்காது பாண்டி. தகவல் இருக்கிறதா, சொன்ன விதத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். வடிவத்தை அளந்து கணக்குப் போடாது. திறப்பின் பரப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று வேண்டுமானால் கேட்கலாம், கழிவு உங்கள் எக்செல்லில்தான்.

---

பில்லிங்_பாண்டி | மதுரை

அப்போது என் வேலை பத்திரம். பூன்லே தம்பி, எழுதி முடித்ததும் அந்த ஃபைலை இங்கே போடுங்கள். திறப்புப் பட்டியலுக்கு ஒரு வரி சேர்த்து எங்கள் சைட் மாடலரிடம் கொடுத்துப் பார்க்கிறேன். ஸ்கோப்பில் இல்லை என்றால் இந்த இழையையே காட்டிவிடுகிறேன்.

---

பூன்லே_பொறியாளன் | சிங்கப்பூர்

கிளையன்ட் பெயரையும் திட்ட எண்ணையும் எடுத்துவிட்டுப் பதிவேற்றுகிறேன் அண்ணா. மதிப்புப் பட்டியல் சிங்கப்பூருக்கானது, அதை மட்டும் உங்கள் ஊர் விதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.